2,450 ரூபாவுக்கு ஒரு விதைப்பெட்டி: முளைத்ததும் முளைக்காததும்

கிளிநொச்சிப் பக்கத்து முரசுமோட்டையில் இருந்துகொண்டு மரக்கறி வளர்க்கப் பழகுவதற்குப் பெட்டி வாங்கினேன் என்று சொன்னால் சனம் சிரிக்கிறது. வீட்டுக்கு முன்னால் வயல், பின்னால் வயல், இரணைமடு வாய்க்கால் நடந்து போகிற தூரம். அப்பா நாற்பது வருடமாக நெல் விதைக்கிறார். அந்த வீட்டுப் பிள்ளை, பரந்தன் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்துப் பிழைக்கிறவன், கிளிநொச்சிக்குப் போய் ‘ஆரம்பகாரர்களுக்கான வீட்டுத்தோட்டப் பொதி’ என்று அச்சடித்த மட்டைப்பெட்டி ஒன்றை 2,450 ரூபா கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்.

ஆனால் வயல்காரன் வேறு, தோட்டக்காரன் வேறு. நெல்லைத் தவிர எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. வெண்டிக்காய் சந்தையில் வாங்குவது, கீரை சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும் ஐயாவிடம் வாங்குவது. 2022 ஆனியில் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டில் நின்று பயிர் செய்யுங்கள் என்றார்களே, அப்போது எங்கள் ஒழுங்கையில் ஆளுக்கொரு பாத்தி கட்டினார்கள். அதற்கு முதல் வருடம் இரசாயனப் பசளையை நிற்பாட்டியதில் வயலே படுத்துக் கிடந்தது, மரக்கறி விலை கேட்க ஏலாது. உத்தியோகம் இல்லாத நானும் ஒரு பாத்தி கட்டினேன். மூன்று கத்தரி, இரண்டு மிளகாய். மூன்றாம் கிழமை கட்டாக்காலி மாடு ஒன்று படலையைத் தள்ளிக்கொண்டு வந்து கணக்கை முடித்து வைத்தது. அதோடு விட்டுவிட்டேன்.

2024 ஆடியில் திரும்பத் தொடங்கியதற்கு மகள்தான் காரணம். அப்போது தரம் 4 படித்தாள். பள்ளிக்கூடத்தில் பயறு முளைக்கப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். காட்டி முடிந்த பயறை எறிய மனமில்லாமல் யோகட் கோப்பையில் நட்டு வைத்து, “அப்பா, வேறையும் வளர்ப்பமா?” என்று கேட்டாள். சரி என்று கிளம்பினேன்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. சின்ன ஊர், கடைக்காரரும் நானும் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள். ஏ9 வீதியோரம், கிளிநொச்சி நகருக்குள் இருக்கிறது என்பது காணும். உள்ளே போனவுடன் பூச்சிமருந்து வாசம் மூக்கில் ஏறும். இடது பக்கம் பம்பும் குழாயும், வலது பக்கம் பசளை மூட்டை. விதைப் பைக்கற்றுகளை முன்வாசலில் கம்பியில் கொழுவி விட்டிருக்கிறார்கள், பின்னேர வெயில் நேரே அதில் விழுகிறது. வாங்கும்போது அழகாகத்தான் தெரிந்தது. குளிர்ந்த, காய்ந்த இடத்தில் வைக்க வேண்டிய விதையை இப்படித் தொங்கப் போட்டால் அதன் உயிர் சீக்கிரம் போகும் என்பது பிறகுதான் விளங்கியது.

பெட்டியைத் திறந்தால் பத்துச் சின்ன விதைப் பைக்கற், ஐம்பது குழி உள்ள நாற்றுத் தட்டு ஒன்று, 650 கிராம் தேங்காய்த் தும்புத்தூள் கட்டி ஒன்று, கறுப்புப் பொலித்தீன் பை ஐந்து, மண்புழு எரு ஒரு கிலோ, 100 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், மூன்று மொழியில் ஒரு துண்டுப்பிரசுரம். பெட்டியின் மேலே சிரிக்கிற குடும்பம், அவர்களுக்கு முன்னால் கறிமிளகாய். உள்ளே கறிமிளகாய் விதை இல்லை. இருந்தவை வெண்டி, பயற்றை, கத்தரி, மிளகாய், தக்காளி, முளைக்கீரை, கங்குன் கீரை, போஞ்சி, கரட், சலாது. இந்தப் பத்தையும் வாசித்துவிட்டு ஒரு தோட்டக்காரன் சிரித்திருப்பான். நான் நல்ல பெறுமதி என்று நினைத்தேன்.

ஆடி என்பது எங்கள் பக்கத்தில் என்ன மாதம் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். சோளகக் காற்று பகலிரவு பாராமல் அடிக்கும். மழை என்று ஒன்று இருந்ததே மறந்துவிடும். காலை பத்து மணிக்கு முற்றத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. துண்டுப்பிரசுரமோ “தினமும் 6 முதல் 8 மணி நேரம் நேரடிச் சூரிய ஒளி படும் இடத்தில் வைக்கவும்” என்கிறது. எழுதியவர் குளிர்காற்று வீசும் ஏதோ மலையில் இருந்து எழுதியிருக்கிறார். நான் சொன்னபடி வைத்தேன். கறுப்புப் பொலித்தீன் பை வெயிலில் என்ன ஆகும் என்று அதில் எழுதவில்லை. மதியம் பைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், கஞ்சிப்பானைச் சூடு. வேர் அதற்குள் இருந்து என்ன செய்யும்? அவிந்தது.

இன்னொன்று, அந்தப் பைகளில் ஓட்டையே இல்லை. அடியில் நாலைந்து ஓட்டை போட வேண்டும் என்று பிரசுரத்தில் ஒரு வரி இல்லை. அது தெரியாமல் நான் என் கடைக்குப் போய்விட, பின்னேரம் அப்பா தண்ணீர் விட்டார். அவருடைய கை நெல்லுக்குத் தண்ணீர் கட்டிய கை. பைக்குள் மேலே அரை அங்குலம் தண்ணீர் நின்றால்தான் அவருக்குத் திருப்தி. மூன்று நாள் நின்றது. தக்காளி நாற்று அடித்தண்டில் கறுத்து ஒவ்வொன்றாகச் சரிந்தது. நாற்றழுகல் என்று அதற்குப் பெயர். அப்பாவிடம் சொன்னேன். “தண்ணி விட்டதுக்குச் செத்த பயிரை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்” என்றார். நெல்லைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான்.

அடுத்த தப்பு தும்புத்தூள். கட்டியை ஒரு வாளி தண்ணீரில் போட்டால் ஊறி எட்டு லீற்றர் அளவுக்கு உப்பி வருகிறது, மகளுக்கு அது ஒரு விளையாட்டு. தட்டில் விதை முளைக்க வைக்க இதைப் போல் வசதியான சாமான் இல்லை. ஈரம் பிடித்து வைத்திருக்கும், நாற்றை இழுத்தால் வேர் அறாமல் குட்டிக் கட்டியாக வரும். ஆனால் பிரசுரம் பையையும் முழுக்கத் தும்புத்தூளால் நிரப்பச் சொல்கிறது. தும்புத்தூளில் பயிருக்குச் சாப்பாடு கிடையாது. கூட வந்த ஒரு கிலோ மண்புழு எருவை ஐந்து பைக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு கைப்பிடி. தப்பிய செடிகள் இரண்டு கிழமையில் பழுத்த வாழையிலை நிறத்துக்கு வந்தன. இப்போது நான் போடுவது வளவு மண் ஒரு பங்கு, காய்ந்த மாட்டெருவோ கூட்டெருவோ ஒரு பங்கு, தும்புத்தூளோ மணலோ ஒரு பங்கு. எங்கள் மண் காய்ந்தால் கல், நனைந்தால் களி. அதைத் தனியாகப் பையில் போட்டால் செங்கல் சூளை வைக்கலாம்.

சலாது நாலு இலை விட்டது, சூட்டில் சட்டென்று நீண்டு கசந்துபோனது. போஞ்சி பூத்தது, பூ கொட்டியது. போஞ்சி வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துக் குளிருக்குப் பிறந்தது, அதை ஆடி மாதம் முரசுமோட்டையில் போட்டவனைத்தான் குறை சொல்ல வேண்டும். கரட்டைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, ஏனென்றால் ஒன்றும் வரவில்லை.

ஆனால் கீரை வந்தது. முருங்கை மர நிழலில் பழைய மீன்பெட்டி ஒன்றில் எருவும் மண்ணும் கலந்து தூவியிருந்தேன். நாலாம் நாள் சிவப்பாக நூல் நூலாக முளைத்தது. இருபத்துநாலாம் நாள் மனைவி பிடுங்கித் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தாள். ஐந்து பேர் சாப்பிடுகிற வீட்டில் ஆளுக்கு ஒரு கரண்டி. 2,450 ரூபாவை ஐந்து கரண்டியால் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கீரை விதைக்கு ஒரு ஆலோசனை. மண்ணைவிடச் சின்ன விதை அது, கையில் எடுத்தால் ஒரே இடத்தில் நூறு விழும். காய்ந்த மணல் இரண்டு பிடியோடு கலந்து தூவினால் பரவலாக விழும். எறும்பு ஒரு பெரிய தலையிடி. முதல் முறை விதைத்த அன்றே வரிசையாக வந்து விதையைத் தூக்கிக்கொண்டு போயின. பெட்டியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசிக் குறுணல் போட்டுவிட்டேன், அவை அதைச் சுமக்கிற வேலையில் இறங்கிவிட்டன. முளைக்கிற நாலு நாளைக்கு இப்படி ஏமாற்றினால் காணும்.

ஆவணி பிறக்க, மிச்சம் இருந்த விதைகளில் ஒரு சோதனை செய்தேன். ஒவ்வொன்றிலும் இருபது விதை எடுத்து, நனைத்த துணியில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வைத்து எண்ணினோம். எண்ணிக்கைப் பொறுப்பு மகளுடையது, சுவர்க் கலண்டரில் எழுதி வைத்தாள். பயற்றை 19, வெண்டி 17, கத்தரி 11, தக்காளி 12. மிளகாய் மெதுவாக முளைப்பது என்று பன்னிரண்டு நாள் பொறுத்துப் பார்த்தோம், 6. கரட் 3. பைக்கற்றுகளைத் திருப்பினால் பொதி செய்த திகதி சின்ன எழுத்தில் இருக்கிறது. மிளகாயும் கரட்டும் ஒன்றரை வருடப் பழசு. பெட்டி ஒட்டி மூடி வருவதால் வாங்கும்போது அந்தத் திகதியைப் பார்க்க வழியில்லை. பெட்டிக்கு வெளியே எந்தத் திகதியும் இல்லை. இந்தப் பொதியின் மேல் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான். காலநிலை எனக்குத் தெரியாமல் போனது என் பிழை. பழைய விதையை ஒட்டிய பெட்டிக்குள் வைத்து விற்பது என் பிழை இல்லை.

கலண்டர்த் தாளைக் கிழித்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை ஆறுதலாக வாசித்தார். “தம்பி, இது வெளியில கட்டி வாற பெட்டி. உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு எனக்கே தெரியாது. நீங்கள் ஏன் இதைப் போய் வாங்கினீங்கள்?”

“உங்கடை கடையிலதான் அண்ணை இருந்தது.”

“இருந்ததுதான். என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

காசு திருப்பித் தரவில்லை. ஆனால் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். நிழல் வலைக்குக் கீழே அவருடைய நாற்றுமேடை. அதைப் பார்த்த பிறகுதான் நான் தப்பான வாசலால் கடைக்குள் நுழைந்தவன் என்று தெரிந்தது. கத்தரி, மிளகாய், தக்காளி, கறிமிளகாய், பப்பாசி, எல்லாம் தட்டுத் தட்டாக, ஒரே உயரத்தில், குட்டையாகத் தண்டு தடித்து நிற்கின்றன. அந்த நாளில் கத்தரி நாற்று ஒன்று 10 ரூபா, மிளகாய் 8 ரூபா. பத்துக் கத்தரி நாற்றைச் சும்மா தந்தார். “இப்ப நடாதேங்கோ, வீணாப் போகும், புரட்டாதிக் கடைசியில வாங்கோ” என்றார், பிறகு தந்ததைத் தானே திருப்பி எடுத்து வைத்துக்கொண்டார். புரட்டாதியில் போனபோது ஞாபகம் வைத்திருந்து புது நாற்றுப் பத்துத் தந்தார். அதனால்தான் பெட்டிக்கு ஒரு மதிப்பெண்ணும் கடைக்கு வேறு மதிப்பெண்ணும் போடுகிறேன்.

இரண்டாவது சுற்று பெட்டி இல்லாத சுற்று. மாரிக்கு முதல், புரட்டாதிக் கடைசிக் கிழமை. காலபோகம் என்கிற மாரிக்கால நெல்லுக்கு அப்பா உழவு தொடங்கிய அதே நாட்கள். பைகளை விட்டுவிட்டுக் கிணற்றடிப் பக்கம் மூன்று மேட்டுப்பாத்தி போட்டேன். பனங்குற்றியால் கரை கட்டி ஒரு அடி உயரத்துக்கு மண்ணும் எருவும் நிரப்பினேன். எங்கள் இடம் வயல் நிலம், மழை நின்றாலும் தண்ணீர் நிற்கும். உயரம் இல்லாமல் மாரியில் எதுவும் தப்பாது. அப்பா பாத்தியைப் பார்த்து, “இதுக்கு எப்பிடித் தண்ணி கட்டுறது?” என்றார். கட்டத் தேவையில்லை என்றதும் போய்விட்டார்.

வெண்டிக்கு அதே கடையில் தனிப் பைக்கற் வாங்கினேன், ‘ஹரித’ என்ற இனம், விவசாயத் திணைக்களம் வெளியிட்டது. இந்த முறை திகதியைப் பார்த்து, வெயில் படாத உள் இராக்கையில் இருந்து எடுத்துத் தரச் சொன்னேன். முதல் நாள் இரவு விதையைத் தண்ணீரில் ஊறப் போட்டு, மறுநாள் நேரே பாத்தியில் குழிக்கு இரண்டாக ஊன்றினேன். வெண்டியைத் தட்டில் முளைக்க வைத்துப் பிடுங்கி நடக்கூடாது, அதன் ஆணிவேர் இடம் மாறுவதை விரும்பாது. பெட்டிப் பிரசுரம் எல்லாவற்றையும் தட்டில் போடச் சொல்கிறது. ஐந்தாம் நாள் முளை, முப்பத்தெட்டாம் நாள் மஞ்சள் பூ, நாற்பத்தாறாம் நாள் முதல் காய்.

எத்தனை செடி என்பதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். பெட்டியில் “நான்கு வெண்டிச் செடி ஒரு குடும்பத்துக்குப் போதும்” என்று இருக்கிறது. எந்தக் குடும்பம்? நல்ல நாளில் ஒரு செடி இரண்டு நாளுக்கு ஒரு காய் தரும். நாலு செடியில் நாலு காய். அதை வைத்துக் கறி வைக்க முடியாது, சாம்பாரில் போட்டுத் தேடலாம். பதினாறு செடி போட்டேன், ஒன்றரை அடி இடைவெளியில். இரண்டுக்கு இலை நரம்பு மஞ்சளாகியது. அது வெண் ஈ பரப்புகிற வைரசு நோய், மருந்தில்லை, பிடுங்கி எரித்தேன். மிச்சம் பதினாலும் ஒன்றுவிட்ட ஒரு நாள் ஒரு பால்கறிக்குக் காய் தந்தன. பிடுங்க மறந்து ஒரு நாள் கூட விட்டால் காய் நாராகிவிடும். நுனியை மடக்கிப் பார்க்க வேண்டும், படக்கென்று முறிந்தால் கறிக்கு, வளைந்தால் விதைக்கு. முற்றிய நாலு காயைச் செடியிலேயே காயவிட்டு அடுத்த வருட விதை எடுத்துவிட்டேன். ஹரித கலப்பின விதை இல்லை என்பதால் அப்படிச் செய்யலாம். பெட்டியில் இருந்த தக்காளி எஃப்1, அதாவது முதல் தலைமுறைக் கலப்பினம், அதில் விதை எடுத்தால் தாயைப் போலப் பிள்ளை வராது.

பயற்றையைப் போல் சோம்பேறிக்கு ஏற்ற பயிர் வேறு இல்லை. கிளுவை வேலியோரம் ஊன்றி விட்டேன், அதுவே பிடித்து ஏறியது. பந்தல் செலவு இல்லை. ஐம்பதாம் நாள் அளவில் காய். எண்ணிப் பார்த்த பெட்டி விதைகளில் ஆக நன்றாக முளைத்தது இதுதான், மீந்த விதையைத்தான் போட்டேன். கறுப்பு அழுக்கணவன், சாறு உறிஞ்சுகிற சின்னப் பூச்சி, நுனிக்கொடியில் அப்பிப் பிடிக்கும். முதலில் பயந்துவிட்டேன். பம்பில் வெறும் தண்ணீரை வேகமாக அடித்தால் பாதி விழுந்துவிடும். மிச்சத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் ஐந்து மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், சவர்க்காரத் தண்ணீர் கொஞ்சம் கலந்து பின்னேரத்தில் அடித்தேன். சவர்க்காரம் சேர்க்காவிட்டால் எண்ணெய் தண்ணீரில் கலக்காமல் மேலே மிதக்கும். வெயில் நேரத்தில் அடித்தால் இலை கருகும். பெட்டியில் வந்த வேப்பெண்ணெய் நல்ல சரக்கு, கசப்பு வாசம் மூன்று நாள் கையை விட்டுப் போகவில்லை. வேம்பு நிறைந்த ஊரில் வேப்பெண்ணெயைக் காசு கொடுத்து வாங்கினாயா என்று கேட்டார்கள். வேப்பங்கொட்டை பொறுக்கி இடித்து வடிக்கிறவர்களுக்கு அது சரி. எனக்கு எட்டு மணிக்குக் கடை திறக்க வேண்டும்.

கத்தரி அந்தக் கடை நாற்றுத்தான். ‘திருநெல்வேலி ஊதா’ என்று கடைக்காரர் சொன்னார், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. பின்னேரம் வெயில் தாழ நட்டு, மூன்று நாளைக்குப் பூவரசங் கொப்பை ஊன்றி நிழல் கொடுத்தேன். பத்தில் ஒன்பது பிடித்தது. கத்தரிக்குப் பொறுமை வேண்டும், நட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஒன்றும் நடக்காதது போலவே நிற்கும். நுனித் தளிர் ஒன்று மட்டும் திடீரென்று வாடித் தொங்கினால் தண்ணீர் காணாது என்று நினைத்து ஊற்றாதீர்கள், உள்ளே புழு இருக்கிறது. அந்த நுனியைக் கீழோடு வெட்டி எரிக்க வேண்டும். எனக்கு இதைச் சொன்னது 1920. விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம், தமிழிலேயே கதைக்கலாம். இரண்டாவது முறை எடுத்தபோது கிடைத்தது, விளக்கமாகச் சொன்னார்கள். துண்டுப்பிரசுரத்தின் கடைசியில் அந்த நாலு இலக்கத்தை அச்சடித்திருந்தால் பெட்டிக்கு இன்னொரு மதிப்பெண் போட்டிருப்பேன்.

மிளகாயும் நாற்றாகவே வாங்கினேன், எம்.ஐ. 2 என்ற இனம். ஆறு செடி. ஒரு வீட்டுப் பச்சை மிளகாய்த் தேவைக்கு ஆறு தாராளம். இரண்டில் இலை சுருண்டது, அப்படியே நின்றுவிட்டன. தக்காளியைப் பற்றி ஒரு வரி போதும்: ஆரம்பகாரருக்கு அது வேண்டாம். வெக்கையான இரவுகளில் பூ நின்று பிடிக்காது, மாரியில் வாடல் நோய் பிடிக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க நாலு வருட அனுபவம் வேண்டும்.

கங்குனுக்கு விதை வாங்குவதே அநியாயம். சந்தையில் கறிக்கு ஒரு பிடி வாங்கி, இலையை ஆய்ந்து எடுத்துவிட்டு, கொழுத்த தண்டு பத்தைச் சேற்றுப் பக்கம் குத்தி விட்டேன். ஒரு கிழமையில் கணுவில் வேர் விட்டது. பொன்னாங்காணியும் அப்படித்தான், வல்லாரையும் வேரோடு ஒரு கொடி கிடைத்தால் போதும். கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற இடத்தில் இப்போது மூன்றும் நிற்கின்றன. அப்பா கவனிக்கிற ஒரே பாத்தி அது. தண்ணீர் நிற்கிறது அல்லவா, அவருக்குப் பிடித்துப் போயிற்று. உண்மையில் கங்குனை என்னைவிட அவர் நன்றாக வளர்க்கிறார்.

எதிரிகளைப் பற்றி எந்தப் பெட்டியிலும் எழுத மாட்டார்கள். மயில் முதலில் வந்தது. கொழும்புக்காரர் படம் எடுக்கிற அந்தப் பறவை, ஒரு காலையில் பதினொரு பயற்றை முளையைக் கொத்திவிட்டு ஓட்டில் ஏறி நின்று கத்தியது. அம்மாவின் பழைய சேலைகளை வேலியில் கட்டினோம், மேலே முல்லைத்தீவில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பழைய மீன்வலையை விரித்தோம். பிறகு மழையோடு ஆபிரிக்க நத்தை. கார்த்திகையில் ராத்திரி எட்டு மணிக்கு ரோர்ச் அடித்துப் பார்த்தால் பாத்திக் கரை முழுக்க ஊர்கிறது. நானும் மகளும் கையில் பொலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளிக்குள் போட்டோம், முதல் இரவு 63. கையால் பொறுக்குவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சாம்பல் தூவிப் பார்த்தேன், ஒரு மழையோடு அது போய்விட்டது.

அந்தக் கார்த்திகைக் கடைசிக் கிழமை மழை விடாமல் கொட்டியது. வயலும் வீதியும் ஒன்றாகின. பரந்தனில் கடை நாலு நாள் பூட்டு. கீரைப் பாத்தி அடியோடு படுத்து அழுகிவிட்டது. பெருமழைக்குக் கீரை ஆகாது, தையில் திரும்பப் போட்டேன், நன்றாக வந்தது. வெண்டியும் கத்தரியும் அந்த ஒரு அடி உயரத்தில் நின்று தப்பின. சந்தைக்குப் போக வழியில்லாத இரண்டு நாளும் வெண்டிக்காய்ப் பால்கறியும் சோறும்தான். அப்பா இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மழையில் அவருடைய வயல் மூழ்கிக் கிடந்தது, நானும் ஒன்றும் கேட்கவில்லை.

சரி, பெட்டி வாங்கலாமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே கடையில் அப்போது நாற்றுத் தட்டு 180, தும்புத்தூள் கட்டி 250, வேப்பெண்ணெய் 350, மண்புழு எரு 100, ஐந்து பைகள் 150. இங்கே முளைக்கக்கூடிய விதைப் பைக்கற் ஐந்து, ஒன்று 120 வீதம் 600. எல்லாம் கூட்டினால் 1,630 ரூபா. மிச்சம் 820 ரூபாவுக்கு நான் வாங்கியது கரட், சலாது, போஞ்சி, சிரிக்கிற குடும்பம். யாருக்காவது அன்பளிப்புக் கொடுக்க வேண்டுமென்றால் பெட்டி பார்வையாக இருக்கும். வளர்க்க வேண்டுமென்றால் வேண்டாம். தட்டும் தும்புத்தூளும் வேப்பெண்ணெயும் தரமானவை என்பதால் ஐந்துக்கு இரண்டு போடுகிறேன். பெட்டிக்கு வெளியே திகதி போடுகிற நாளில் மூன்றாக்குவேன்.

கடைக்கு, குறிப்பாகப் பின்பக்க நாற்றுமேடைக்கு, ஐந்துக்கு நாலு. ஒன்று குறைத்தது முன்வாசலில் வெயிலில் தொங்குகிற பைக்கற்றுகளுக்காக. அடுத்த வருடப் புரட்டாதியில் போனபோதும் அப்படியே தொங்கின, சொன்னேன், “ஓம் தம்பி, மாத்த வேணும்” என்றார். நான் வாங்கியது வெண்டி ஒரு பைக்கற், கீரை ஒரு பைக்கற், கத்தரி நாற்று பன்னிரண்டு, மிளகாய் நாற்று ஆறு. நாற்று விலை கொஞ்சம் ஏறியிருந்தது, என்றாலும் 500 ரூபாவுக்குள் முடிந்தது. போகிறவர்கள் வியாழன் பின்னேரம் அல்லது வெள்ளி காலையில் போங்கள், புதுத் தட்டுகளை அப்போதுதான் வெளியில் எடுத்து வைப்பார். சனிக்கிழமை மிஞ்சி இருப்பவை நீண்டு மெலிந்தவை. நாற்றை மோட்டார் சைக்கிளில் கொண்டு வருவதென்றால் மட்டைப்பெட்டி ஒன்று கையோடு கொண்டு போங்கள், சொப்பிங் பையில் கட்டித் தருகிறார், பரந்தன் வருவதற்குள் காற்றில் பாதி முறிந்துவிடும். எனக்கு அந்தப் பழைய பெட்டி இதற்குத்தான் இப்போது உதவுகிறது.